ஏழு நாள் சாப்பாட்டை ஒரே நாளில் சமைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் குடும்பப் பக்கத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கான இரவு உணவுத் திட்டம் ஒன்று வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு நாளுக்கும் சேர்த்துச் சமைத்து, டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டால், அடுத்த சனிக்கிழமை வரை அடுப்புப் பக்கமே போக வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் அதில் வயிற்றைக் கெடுக்கக்கூடிய ஒரு தவறு இருக்கிறது. சமைத்த உணவு ஃப்ரிட்ஜில் ஏழு நாள் தாங்காது. மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள். இதைத் திருத்தி அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் இரவுச் சமையல் என் பொறுப்பு. மூன்று வருடமாக. நான் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். மனைவி செவிலியர், வாரத்தில் மூன்று நாள் மாலைப் பணி, வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். பற்கள் பெரும்பாலும் போய்விட்டதால் மெல்லாமல் விழுங்கக்கூடியதாகத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். நான் கதவைத் திறக்கும்போது மாலை 6.40. செருப்பைக் கழற்றுவதற்குள் மகன் "அப்பா, இன்னிக்கு என்ன?" என்று கேட்டுவிடுவான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற மாலைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. குழந்தைகள் பசியோடு இருக்க, ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தோன்றாமல் நிற்பது மிகவும் கஷ்டமான நிலை. உங்கள் கட்டுரையை எழுதியவர் அந்தக் கஷ்டத்தைப் போக்க நினைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. நானும் அதே வழியில்தான் ஆரம்பித்தேன். அதனால்தான் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடிகிறது.

முதல் ஞாயிறு ஆறு மணி நேரம் நின்று ஐந்து வகை செய்தேன். திங்கள், செவ்வாய் நன்றாகப் போயிற்று. புதன்கிழமை மகள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். வியாழக்கிழமை கோழிக் குழம்பில் ஒரு வாடை. வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்ததை அப்படியே கொட்டினேன். ஆறு மணி நேர உழைப்பில் பாதி குப்பைக்குப் போனது. அதைவிடப் பெரிய பாடம் மூன்றாவது வாரம் வந்தது.

அன்று ஒரு பெரிய பானை சோறு வடித்தேன். ஆறட்டும் என்று அடுப்பு மேடையிலேயே மூடி வைத்துவிட்டு அசதியில் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து அதை ஃப்ரிட்ஜில் வைத்தேன். மாலையில் நன்றாகச் சூடாக்கித்தான் பரிமாறினேன், ஆவி பறந்தது. மூன்று மணி நேரத்தில் மகன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். நள்ளிரவு வரை நிற்கவில்லை. மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சோறு எப்ப வடிச்சது?" சோறுதான் காரணம் என்று யாரும் சோதனை செய்து உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அவர் விளக்கியதைக் கேட்டபின் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது" என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு இது தலையில் அடித்தது போல இருந்தது. உணவின் வாசனையிலோ நிறத்திலோ எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். பிரிட்டனின் உணவுத் தர முகமை, சோற்றை முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், மறுபடி சூடாக்குவதென்றால் ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது. உங்கள் கட்டுரையில் ஏழு டப்பாவிலும் அடியில் சோறு, மேலே குழம்பு என்று போட்டிருந்தது. அதைப் படித்தபோது என் மகன் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதுதான் நினைவுக்கு வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2001-இலேயே பாதுகாப்பான உணவுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டிருக்கிறது. அதில் வீட்டுச் சமையலுக்கு நேரடியாகப் பொருந்துபவை: சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதே, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரில் வை, மறுபடி சூடாக்கும்போது உள்பக்கம் 70 டிகிரியாவது தொட வேண்டும். மனைவி பணிபுரியும் இடத்தில் இந்த ஐந்து விதிகளும் உள்ள படம் சுவரில் இருக்கிறது. அவள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டு அடுப்பு மேடைக்கும் அதே விதிதான் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஃப்ரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமிழில் 1 முதல் 5 வரை இருக்கும் எண்களை நான் டிகிரி என்றே நினைத்திருந்தேன். அவை குளிரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் படிகள்; பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும். ஒரு சிறிய வெப்பமானி வாங்கி நடுத்தட்டில் வைத்துப் பார்த்தேன். 9 டிகிரி! டப்பாக்களை இடைவெளி இல்லாமல் அடைத்திருந்ததால் குளிர்க் காற்று சுற்றவே வழியில்லை. ஒரே நாளில் ஏழு நாள் உணவை உள்ளே திணித்தால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். சூடான பெரிய பாத்திரத்தை அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும்; அதற்குள் பக்கத்தில் இருப்பதும் சூடேறும். இப்போது எதைச் சமைத்தாலும் அகலமான தட்டிலோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத டப்பாக்களிலோ பிரித்து ஊற்றி, அந்த டப்பாக்களைக் குளிர்ந்த நீருள்ள தாம்பாளத்தில் வைத்து ஆற்றுகிறேன். முக்கால் மணி நேரத்தில் உள்ளே போய்விடும்.

சரி, தவறைச் சொல்லிவிட்டு வழியைச் சொல்லாமல் போனால் அது வெறும் குறை. நாங்கள் செய்வதை எழுதுகிறேன். இது இப்படியே எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முழுச் சாப்பாட்டைச் செய்து வைப்பதை விட்டுவிட்டேன். சாப்பாடு ஆவதற்கு எது அதிக நேரம் எடுக்கிறதோ அதை மட்டும் முன்கூட்டியே முடிக்கிறேன். ஒரு மாதம் கவனித்துப் பார்த்ததில் நேரத்தைத் தின்பவை மூன்று: வெங்காயம் வதங்குவது, பயறு வகைகள் வேகுவது, காய் கழுவி நறுக்குவது. சோறு இருபது நிமிடம்தான், அன்றன்றைக்கே ஆகிவிடும். முட்டை பத்து நிமிடம்.

வெங்காயத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சமையல் குறிப்புகளில் "வெங்காயம் பொன்னிறமாகும் வரை ஐந்து நிமிடம் வதக்கவும்" என்று போடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் அது கண்ணாடி போல ஆகும், அவ்வளவுதான். உண்மையாகவே நிறம் மாறி, இனிப்பு ஏறி, காரல் போக வேண்டுமென்றால் மெல்லிய தீயில் நாற்பது நிமிடம் வேண்டும். வார நாளில் மாலை ஏழு மணிக்கு அந்த நாற்பது நிமிடம் யாரிடமும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வெங்காயத்தை அகன்ற கனமான பாத்திரத்தில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று மற்ற வேலைகளைப் பார்ப்பேன். ஒட்டினால் ஒரு கரண்டி நீர். அது சுண்டி மூன்றில் ஒரு பங்காகும்போது ஒரு கிலோ தக்காளி, இஞ்சி, பூண்டு. இன்னொரு இருபது நிமிடம். ஆறியதும் நான்கு பங்கு. இரண்டு ஃப்ரிட்ஜுக்கு, இரண்டு ஃப்ரீசருக்கு. இந்த வதக்கல் ஒரு டப்பா இருந்தால் அதில் கொண்டைக்கடலையைப் போடலாம், முட்டையை உடைத்து ஊற்றலாம், நீர் விட்டுப் பருப்பைச் சேர்த்து சூப் ஆக்கலாம், கோழித் துண்டுகளை வேகவைக்கலாம். மகனுக்கு நான்கு நாளும் நான்கு சாப்பாடு. எனக்கு ஒரே வேலை.

சனிக்கிழமை இரவு இரண்டு கோப்பை கொண்டைக்கடலை ஊறப் போடுவேன். வெந்தபின் ஆறு கோப்பை அளவுக்கு வரும். ஒரு பகுதியை மசித்து அம்மாவுக்கு, ஒரு பகுதி காரமாக மகளுக்கு, உப்பு மட்டும் போட்டு மகனுக்கு. எல்லாருக்கும் ஒரே டப்பா என்றால் எங்கள் வீட்டில் அம்மா பட்டினி கிடப்பார். சில வாரம் சிவப்பு ராஜ்மா. அதைச் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தப் பயறில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதிக்க வைத்தால் அது அழிந்துவிடும். நான் அரைமணி நேரம் கொதிக்க விடுகிறேன். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பானையில் பச்சையாக நேரே போட்டால் அந்த அளவு சூடு கிடைக்காமல் போகலாம். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காய்களில் காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் மூன்றும் நறுக்கி ஈரமில்லாமல் வைத்தால் புதன்கிழமை வரை நன்றாக இருக்கும். கீரையைக் கழுவி முழுக்க உலர்த்தி, துணியில் சுற்றி வைப்பேன். நறுக்குவது அன்றைக்குத்தான். உருளைக்கிழங்கை முன்கூட்டியே நறுக்குவதே இல்லை, கறுத்துவிடும். ஆறேழு முட்டையை வேகவைத்து ஓடு உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் அவை மட்டும் ஒரு வாரம் தாங்கும். பச்சைக் கோழியை வாங்கினால் திங்களுக்கு உரியது மட்டும் ஃப்ரிட்ஜில், அதுவும் கீழ்த்தட்டில், மற்றவற்றின் மேல் சொட்டாதபடி. மீதி அன்றே ஃப்ரீசருக்கு.

ஞாயிறன்று எனக்கு ஆகும் நேரம் மொத்தம் இரண்டு மணி. புதன்கிழமை இரவு இன்னொரு நாற்பது நிமிடம். அப்போது ஃப்ரீசரில் இருப்பதை எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, காய் நறுக்கி, ஒரு கோப்பை பயறு ஊறப் போடுவேன். வாரத்தை இப்படி இரண்டாகப் பிரித்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. எதுவும் நான்காம் நாளைத் தாண்டுவதில்லை. உங்கள் கட்டுரையில் இந்தப் புதன்கிழமையைச் சேர்த்திருந்தாலே போதும், நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

ஃப்ரீசர் இருக்கிறதே, அதில் வைத்தால் ஏழு நாள் என்ன, மாதக்கணக்கில் வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகாது. ஆனால் அவை சாவதும் இல்லை, தூங்குகின்றன. வெளியே எடுத்து மேடையில் வைத்ததும் விழித்துக்கொள்ளும். அதனால்தான் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிப் பனி இளக விடுகிறேன். எல்லாப் பொருளும் ஃப்ரீசருக்கு ஆகாது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். காய்க்குள் இருக்கும் நீரும் அப்படித்தான். வெள்ளரியும் பச்சைத் தக்காளித் துண்டும் உறைந்து இளகினால் தொய்ந்து போவது அதனால்தான். குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கும் மாவு மாவாக உதிரும். பருப்பு, பயறு, வெங்காய வதக்கல், சூப், இவை எந்தக் குறையும் இல்லாமல் மீளும். டப்பாவை விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு விரல் இடம் விடுங்கள். நான் விடாமல் ஒரு கண்ணாடிச் சீசாவை உடைத்திருக்கிறேன். உறையில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். எழுதுவது என் மகனின் வேலை. தேதி எழுதாத டப்பா எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் போகாது, அதில் அவன் என்னைவிடக் கண்டிப்பு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரையோடு இருந்த படத்தில் ஒரு பெண் தனியாக நின்று ஏழு டப்பாக்களை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இரவு சாப்பிடும்போது, "கை வேலையை நீங்க எடுத்துக்கிட்டீங்க. ஆனா என்ன சமைக்கிறதுன்னு இன்னும் எனக்குத்தானே போன் பண்ணுறீங்க?" என்று கேட்டாள். உண்மை. மூன்று வருடம் சமைத்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் தீரப்போகிறது, அம்மாவுக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை, வியாழக்கிழமை மகளுக்குத் தேர்வு, அன்று சீக்கிரம் சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருந்தது அவள்தான். நோயாளிக்கு ஊசி போடும் இடைவெளியில் என் போனுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

2019-இல் அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி எழுதிய ஆய்வில், வீட்டு வேலைக்குள் மறைந்திருக்கும் இந்த மூளை வேலையை நான்காகப் பிரித்திருக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவர்களும் ஓரளவு பங்கெடுக்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியின் தலையிலேயே விழுகின்றன என்பது அவர் கண்டது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

அதனால் இப்போது சனிக்கிழமை காலையில் நால்வரும் அம்மாவும் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுகிறோம். யாருக்கு எந்த நாள் எத்தனை மணிக்குப் பசிக்கும், யார் வீட்டில் இருக்க மாட்டார்கள், ஃப்ரிட்ஜில் எது முதலில் தீர வேண்டும். ஐந்து இரவுக்கும் ஐந்து வரி ஒரு தாளில். வியாழக்கிழமை முழுக்க மகளுடையது: என்ன செய்வது என்று யோசிப்பதிலிருந்து, இல்லாத பொருளை முன்னாலேயே பட்டியலில் சேர்ப்பது வரை. முதல் வாரம் வெங்காய வதக்கலில் முட்டை ஊற்றி ரொட்டியோடு வைத்தாள். அம்மாவுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தனியாக வைத்திருந்தாள். யாரும் நினைவூட்டவில்லை. ஒரு வரி எப்போதும் காலியாக விடுகிறோம். எதிர்பாராமல் மனைவிக்குப் பணி மாறும் நாளுக்கு, வெந்த முட்டையும் ஃப்ரீசர் சூப்பும்.

ஆசிரியர் அவர்களே, திருத்தத்தில் இவ்வளவும் போட இடமிருக்காது என்று தெரியும். சமைத்த உணவுக்கு மூன்று முதல் நான்கு நாள், சோற்றுக்கு ஒரே நாள், எதையும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைக்க வேண்டும் என்ற மூன்று வரிகள் போதும். அடுத்த முறை இந்தத் தலைப்பில் எழுதும்போது படத்தில் ஒரு வீட்டு ஆட்கள் எல்லாரும் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர்கள் அந்தத் துண்டில் "ஏழு" என்பதை அடித்துவிட்டு "மூன்று" என்று எழுதிக்கொண்டார்கள். மற்ற வீடுகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்